டாக்டரோடு உட்கார்ந்து பேசினோம்



சுகாதாரப் பாடம் என்றால் வழக்கமாக ஒரு நோயைப் பற்றி எழுதுவோம். அது எப்படி வருகிறது, என்ன சாப்பிட வேண்டும், எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொல்வோம். இந்த மாதம் நோயைப் பற்றி எழுதவில்லை. வைத்தியம் பார்க்கிற இடத்தையும், அங்கே நாம் நடந்துகொள்கிற விதத்தையும் பற்றி எழுதுகிறோம். படிக்கத் தெரிந்தவர்கள் குழுக் கூட்டத்தில் சத்தமாக வாசித்து, மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்.

நம் கூட்டமைப்பில் ஓர் அக்கா இருக்கிறார். பெயர் வேண்டாம். அவருக்கு நாலைந்து வருடமாக ரத்தக் கொதிப்பு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வந்தார். அங்கே ஒரு தடவை போனால் ஏழு நாளைக்குத்தான் மாத்திரை கிடைக்கும். அவர் ஊரிலிருந்து காலையில் ஒரு பஸ். அதில் போய், வரிசையில் நின்று, மாத்திரை வாங்கித் திரும்பி வந்தால் மதியம் ஆகிவிடும். வாரா வாரம் ஒரு நாள் கூலி போச்சு. நடவு நேரத்தில் இரண்டு வாரம் போகவில்லை. தலை சுற்றல் எதுவும் இல்லை, நன்றாகத்தானே இருக்கிறோம் என்று அப்படியே நிறுத்திவிட்டார். மூன்றாம் மாதம் ஒரு விடியற்காலையில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் கோணிவிட்டது.

உயிர் பிழைத்தார். ஆனால் குழுப் பதிவேட்டில் அழகாகக் கையெழுத்துப் போட்டு வந்தவர், இப்போது இடது கைப் பெருவிரலை வைக்கிறார்.

இது கூட்டமைப்புக் கூட்டத்தில் பேச்சாக வந்தபோது எல்லாருக்கும் கோபம். “கலெக்டர்கிட்ட மனு கொடுப்போம்”, “டாக்டரை மாத்தச் சொல்வோம்” என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அப்போது வயதில் மூத்த ஒரு பிரதிநிதி கேட்டார்: “ஏழு நாள் மாத்திரை பத்தலைன்னு நம்மில யாராச்சும் டாக்டர்கிட்ட சொல்லியிருக்கோமா?”

ஒருவரும் சொன்னதில்லை. பஸ் நிறுத்தத்தில் புலம்பியிருக்கிறோம், மாமியாரிடம் சொல்லியிருக்கிறோம், குழுவில் சொல்லியிருக்கிறோம். சொல்ல வேண்டிய ஆளிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த தடவை முகம் கொடுத்துப் பார்க்க மாட்டார்கள், ஓ.பி. சீட்டைத் தூக்கிப் போடுவார்கள் என்ற பயம். இன்னொரு பக்கம், படித்தவரிடம் நாம் என்ன சொல்வது என்ற தயக்கம். ‘அவர் டாக்டர், அவருக்குத் தெரியாதா?’

அவருக்குத் தெரியாது என்பதுதான் எங்களுக்குப் பிறகு தெரிந்தது. அதற்கு வருகிறோம்.

மற்ற இடங்களில் நடந்தது

வைத்தியத்தில் மக்களுக்கும் பங்கு உண்டு என்பது நாம் புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1978ஆம் ஆண்டு, அப்போது சோவியத் நாட்டில் இருந்த அல்மா ஆட்டா என்ற நகரத்தில் உலக நாடுகள் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டன. தங்கள் சுகாதார சேவை எப்படி இருக்க வேண்டும் என்று திட்டமிடுவதிலும் அதை நடத்துவதிலும் பங்கெடுப்பது மக்களின் உரிமை, கடமையும்கூட என்று அதில் இருக்கிறது. நம் நாட்டில் 2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியபோது இதற்கு இடம் வைத்தார்கள். கிராமத்துக்கு ஒரு சுகாதாரக் குழு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நோயாளர் நலச் சங்கம் என்று ஏற்பாடு வந்தது. 2007 முதல் ஒன்பது மாநிலங்களில் சமூகக் கண்காணிப்பு என்று ஒரு வேலையைச் சோதனையாக நடத்தினார்கள். அந்த ஒன்பதில் தமிழ்நாடும் ஒன்று. ஊர் மக்களே கூடி, தங்கள் சுகாதார நிலையத்துக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுத்து மதிப்பெண் அட்டை தயாரித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் புரியுமே!

ஆப்பிரிக்காவில் உகாண்டா என்ற நாட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே 2004, 2005 வாக்கில் 50 கிராமப்புற சுகாதார நிலையங்களை எடுத்துக்கொண்டார்கள். அதில் பாதி இடங்களில், அந்த நிலையம் எப்படி நடக்கிறது என்ற விவரத்தைச் சேகரித்து ஓர் அட்டையாக ஊர் மக்களிடம் கொடுத்தார்கள். முதலில் மக்கள் தனியாகக் கூடிப் பேசினார்கள். ஊழியர்கள் தனியாகக் கூடிப் பேசினார்கள். பிறகு இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து, யார் எதைச் சரி செய்வது என்று எழுதிக்கொண்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், அப்படிச் செய்த இடங்களில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளின் சாவு மற்ற இடங்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. வைத்தியத்துக்கு வருகிறவர்களும் ஐந்தில் ஒரு பங்கு அதிகமானார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, அட்டை போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். அதே நாட்டில் 2014 முதல் 2016 வரை, முந்நூறுக்கும் மேற்பட்ட நிலையங்களில் இதுபோலவே மறுபடியும் செய்து பார்த்தார்கள். கவனிப்பு கொஞ்சம் நன்றாக ஆனது, மக்களுக்கும் கொஞ்சம் திருப்தி. ஆனால் குழந்தைச் சாவு குறையவில்லை. ஆகவே இது மந்திரம் இல்லை. டாக்டருக்கும் மக்களுக்கும் நடுவில் பேச்சு ஓடினால் சில காரியம் நடக்கும், சில காரியத்துக்குப் பணமும் ஆளும் மேலிடத்து உத்தரவும் வேண்டும். எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் நம் சக்தி வீணாகாது.

எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

மனு கொடுப்பதைத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் நம் உறுப்பினர்களிடமே கேட்கலாம் என்று முடிவு செய்தோம். முதல் குழுவில் எங்களுக்கு வந்தது தோல்விதான். “நம்ம டாக்டர் எப்படி?” என்று கேட்டோம். “நல்லவங்கதான்” என்றார்கள் பாதிப் பேர். “கடுகடுன்னு இருப்பாங்க” என்றார்கள் மீதிப் பேர். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நல்லவர், கெட்டவர் என்று நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லையே.

பிறகு கேள்வியை மாற்றினோம். கடைசியாக எப்போது போனீர்கள்? எத்தனை மணிக்குப் போனீர்கள், எத்தனை மணிக்கு டாக்டர் பார்த்தார்? தொட்டுப் பார்த்தாரா, ஸ்டெதாஸ்கோப் வைத்தாரா? பிரஷர் பார்த்தபோது எவ்வளவு இருந்தது என்று சொன்னார்களா? மாத்திரை எத்தனை நாளைக்குக் கொடுத்தார்கள்? எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும், இப்போது எங்களிடம் சொல்லுங்கள் பார்க்கலாம்.

இந்தக் கடைசிக் கேள்விதான் எங்களை ஆடிப்போக வைத்தது. கையில் மாத்திரைக் கவரை வைத்துக்கொண்டே பலரால் சொல்ல முடியவில்லை. ஒரு தங்கச்சி, காலையில் போட வேண்டிய சர்க்கரை மாத்திரையை இரவு படுக்கும்போது வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருந்தது. “ஏன் டாக்டர்கிட்ட கேக்கலை?” என்றால், “மருந்து கொடுக்கிற ஜன்னல்ல பின்னால ஆளு இடிக்குதுக்கா, எங்க கேக்குறது?”

நடந்ததைக் கேட்டால் பதில் வருகிறது. கருத்தைக் கேட்டால் சமாளிப்பு வருகிறது. நீங்கள் கேட்கும்போது இதை நினைவில் வையுங்கள். யார் சொன்னது என்று பெயர் எழுத வேண்டாம். எந்தக் குழு, எத்தனை பேர் என்று மட்டும் எழுதுங்கள். பெயர் வெளியே போகாது என்று தெரிந்த பிறகுதான் வெள்ளைப்படுதல், கர்ப்பப்பைப் பிரச்சினைகளைப் பற்றிப் பெண்கள் வாய் திறந்தார்கள். அறையில் நாலு பேர் நிற்கும்போது டாக்டர் சத்தமாகக் கேட்கிறார், அதனால் வயிற்று வலி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டோம் என்று ஒரே குழுவில் மூன்று பேர் சொன்னார்கள். சொல்லாத நோய்க்கு டாக்டர் எப்படி மருந்து கொடுப்பார்?

டாக்டரம்மாவோடு பேசிய நாள்

கிராம சுகாதார செவிலியர் மூலமாக நேரம் கேட்டோம். ஓ.பி. முடிந்த பிறகு, மதியம் மூன்று மணிக்கு வரச் சொன்னார்கள். கும்பலாகப் போகவில்லை. ஐந்து பேர் போனோம். மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போயிருந்தால் சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

முதலில் நன்றாக நடப்பதைச் சொன்னோம். ராத்திரி இரண்டு மணிக்கும் பிரசவம் பார்க்கிற நர்ஸ் அக்காவைப் பற்றி எல்லாக் குழுவிலும் நல்ல வார்த்தை சொல்லியிருந்தார்கள். அதைச் சொன்னதும் நர்ஸின் முகம் மலர்ந்தது. இது முகஸ்துதி இல்லை, உண்மை. உண்மையான பாராட்டையும் யாரும் அவர்களிடம் போய்ச் சொல்வதில்லை.

அப்புறம் ஏழு நாள் மாத்திரை விஷயத்தைச் சொன்னோம். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். “ஏழு நாளா? நான் முப்பது நாளைக்குத்தானே எழுதுறேன்?” என்றார்.

சீட்டை எடுத்துக் காட்டினோம். அவர் முப்பது என்றுதான் எழுதியிருக்கிறார். மருந்தாளுநரைக் கூப்பிட்டுக் கேட்டார். மாதக் கடைசியில் இருப்பு தீர்ந்துபோய், வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்ததாம். அதனால் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்துச் சமாளித்திருக்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அடுத்த ஆளுக்கு இல்லாமல் போகக் கூடாது என்று செய்திருக்கிறார். ஆனால் அந்த ஏழு நாளில் ஒரு பெண்ணுக்குக் கை போனது. அறையை விட்டு நோயாளி வெளியே போன பிறகு என்ன நடக்கிறது என்று டாக்டருக்குத் தெரியவில்லை. டாக்டர் என்ன எழுதினார் என்று நமக்குத் தெரியவில்லை. நடுவில் இருந்தவர் இரண்டு பேரிடமும் சொல்லவில்லை.

எங்கள் அக்காவுக்கு நடந்ததைச் சொன்னோம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்க 1994இல் மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றை அமைத்தார்கள். நிலையத்திலிருந்து எவ்வளவு தேவை என்று கணக்குப் போட்டுக் கேட்டால், அந்தக் கழகத்தின் மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து வரும். கணக்கு சரியாகப் போனால்தான் மருந்தும் சரியாக வரும். எத்தனை பேர் பிரஷர், சர்க்கரை மாத்திரை தொடர்ந்து சாப்பிடுகிறார்கள் என்ற பட்டியலை ஊர்வாரியாக நாங்கள் எடுத்துத் தருவதாகச் சொன்னோம். சுகாதார செவிலியரும் சேர்ந்து சரிபார்ப்பதாகச் சொன்னார். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியபோது, வீட்டுக்கு வந்து பிரஷர் பார்க்கவும் மாத்திரை கொடுக்கவும் பெண் தன்னார்வலர்களைச் சுய உதவிக் குழுக்களிலிருந்துதானே எடுத்தார்கள்! வீடு வீடாகக் கணக்கெடுக்கிற இந்த வேலை நமக்குப் புதிது இல்லை.

அவர்கள் பக்கத்துக் குறை

பேசி முடித்ததும் கிளம்பத் தயாரானோம். டாக்டரம்மா விடவில்லை. “நீங்க சொன்னதை நான் கேட்டேன். இப்ப நான் சொல்றதைக் கேளுங்க” என்றார்.

சளி, சாதாரணக் காய்ச்சலுக்கு ஊசி வேண்டாம் என்று சொன்னால் நம் பெண்கள் சண்டைக்கு வருகிறார்களாம். “ஊசி போடாத டாக்டர் என்ன டாக்டர்?” என்று வெளியே போய்ச் சொல்கிறார்களாம். உடம்பு அசதிக்குக் குளுக்கோஸ் ஏற்றச் சொல்கிறார்களாம். போன தடவை கொடுத்த சீட்டைக் கொண்டு வருவதில்லை. கடைவீதியில் இன்னொரு டாக்டரிடம் வாங்கிச் சாப்பிடுகிற மாத்திரையை மறைக்கிறோம். பிரஷர் குறைந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுகிறோம்.

எங்களில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். போன மாதம்தான் பேத்திக்கு ஊசி போடச் சொல்லிச் சத்தம் போட்டிருந்தார்.

இந்த ஊசி விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகப் பேசுவோம். டாக்டர்கள் தேவையில்லாமல் ஊசி போடுவதற்கு நாமும் ஒரு காரணம். சாதாரணச் சளி காய்ச்சல் வைரஸ் கிருமியால் வருவது. ஆன்டிபயாடிக் மருந்து அந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. தேவையில்லாத நேரத்தில் அதைப் போட்டுப் போட்டு, உண்மையிலேயே தேவைப்படும் நாளில் மருந்து வேலை செய்யாமல் போகிறது. ஊசி சுத்தமாக இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசம். 2009இல் குஜராத் மாநிலத்தில் மொடாசா பகுதியில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி மஞ்சள் காமாலை பரவிப் பலர் இறந்துபோனார்கள். ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போட்டதுதான் காரணம் என்று தெரிய வந்தது. ஊசி அவசியம் என்றால், உங்கள் கண் முன்னால் புதுக் கவரைப் பிரித்துத்தான் போட வேண்டும். “புதுசாங்க டாக்டர்?” என்று கேட்பதில் தப்பே இல்லை.

குளுக்கோஸ் பாட்டில் கதையைக் கேளுங்கள். அரை லிட்டர் பாட்டிலில் ஐந்து சதவீதக் குளுக்கோஸ் என்றால், அதில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஐந்தாறு டீஸ்பூன். வாய் வழியாகச் சாப்பிட முடிகிற ஆளுக்கு அதை நரம்பு வழியாக ஏற்றி நூற்றுக்கணக்கில் காசு கொடுக்கிறோம். வாந்தி நிற்காமல், மயங்கிக் கிடக்கிறவருக்கு டிரிப்ஸ் உயிர் காக்கும். அசதிக்கு அது தேவையில்லை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். கரைசலும், 14 நாள் ஜிங்க் மாத்திரையும்தான் முதல் வைத்தியம். இதைச் சொல்லி அனுப்புகிற டாக்டர் நம்மை ஏமாற்றவில்லை. நம் காசை மிச்சப்படுத்துகிறார்.

இதைக் கேட்ட பிறகு நாங்களும் ஓர் ஒப்புதல் கொடுத்தோம். கூட்டமைப்புத் தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம். சீட்டையும் மாத்திரைக் கவரையும் ஒரு பையில் போட்டு எப்போதும் கொண்டு போவோம். ஊசி கேட்க மாட்டோம். மாத்திரையை நாமாக நிறுத்த மாட்டோம். அவர்கள் தரப்பில், சர்க்கரை, பிரஷர் நோயாளிகளுக்கு வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கி முப்பது நாள் மாத்திரை கொடுப்பது, பெண்களைப் பரிசோதிக்கிற இடத்தில் ஒரு திரை போடுவது, மருந்து கொடுக்கும்போது கவரில் சூரியன், நிலா படம் போட்டுத் தருவது என்று ஒப்புக்கொண்டார்கள். படம் போடும் யோசனை மருந்தாளுநர் சொன்னதுதான். அவரை வில்லனாக நினைத்துக்கொண்டு போன எங்களுக்கு இது ஒரு பாடம்.

கடைவீதி டாக்டர்கள்

எல்லாரும் அரசு நிலையத்துக்குப் போவதில்லை என்று எங்களுக்கும் தெரியும். சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவர்களுக்குக் கடைவீதி கிளினிக்தான் கைக்கு எட்டுகிறது. அங்கே நம் பேச்சு எடுபடுமா?

ஓரளவுக்கு எடுபடும். இந்திய மருத்துவக் கவுன்சில் 2002இல் கொண்டு வந்த நடத்தை விதிகள் இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. அதன்படி டாக்டர் தன் பதிவு எண்ணைக் கிளினிக்கிலும், மருந்துச் சீட்டிலும் காட்ட வேண்டும். கட்டணம் எவ்வளவு என்று பலகையில் எழுதி வைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்ந்து வைத்தியம் பார்த்த விவரங்களை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். 2016இல் செய்த திருத்தப்படி மருந்தின் பெயரைப் புரியும் எழுத்தில் எழுத வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் நோயாளர் உரிமைச் சாசனம் ஒன்றைத் தயாரித்தது. ஆண் டாக்டர் பெண்ணைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடன் இருக்க வேண்டும் என்பது அதில் ஓர் உரிமை.

ஒரு கிளினிக்கில், நம் உறுப்பினர்களுக்கு மூட்டு வலிக்கு வெறும் வெள்ளைக் காகிதத்தில் மடித்து மாத்திரை கொடுத்து வந்தார்கள். சீட்டு கிடையாது. வலி பட்டென்று நின்றுவிடும், அதனால் கூட்டம் அலைமோதும். கொஞ்ச நாளில் இரண்டு பேருக்கு முகம் உப்பியது, ஒருவருக்குச் சர்க்கரை ஏறியது. ஸ்டீராய்டு மாத்திரையை மாதக் கணக்கில் சாப்பிட்டால் இப்படி ஆகும், எலும்பும் தேயும் என்று டாக்டரம்மா சொன்னார். அவர் இன்னொன்றும் சொன்னார்: நாள்கணக்கில் சாப்பிட்டவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். இதைக் குழுவில் கட்டாயம் சொல்லுங்கள்.

அந்தக் கிளினிக்கில் நாங்கள் சண்டை போடவில்லை. போகிற உறுப்பினர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பது என்று முடிவு செய்தோம்: “மாத்திரை பேரைச் சீட்டுல எழுதிக் கொடுங்க டாக்டர், அரசு ஆஸ்பத்திரியில காட்டணும்.” முதலில் கேட்டவரிடம் எரிந்து விழுந்தார். நாலாவது ஆளிடம் முனகினார். அதற்கப்புறம் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். எழுத ஆரம்பித்ததும் மடித்த காகிதம் குறைந்துவிட்டது. தனி ஆளாகக் கேட்டிருந்தால் “இஷ்டம்னா வா, இல்லைன்னா போ” என்றிருப்பார். ஊரே கேட்டபோது அப்படிச் சொல்ல முடியவில்லை. பத்து ரூபாய் சேமிப்பில் ஆரம்பித்து வங்கி மேனேஜர் அறைக்குள் போய் உட்கார்ந்த நமக்கு இந்தக் கணக்கு புரியாதா என்ன?

பதிவு எண்ணே இல்லாதவர் வைத்தியம் பார்க்கிறார் என்றால் அது வேறு விஷயம். அங்கே உட்கார்ந்து பேசுவதற்கு ஒன்றும் இல்லை. மாவட்ட நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுக்க வேண்டும். பதிவு பெற்ற டாக்டர் பெரிய தப்புச் செய்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். அரசு நிலையத்தில் பேசியும் நடக்காத விஷயத்தை 104 எண்ணில் சொல்லலாம், வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுக்கலாம், கிராம சபையில் தீர்மானமாகவும் வைக்கலாம்.

மூன்று மாதம் கழித்து

மூன்று மாதம் கழித்து அதே கேள்விகளை அதே குழுக்களில் மறுபடி கேட்டோம். முப்பது நாள் மாத்திரை பெரும்பாலானவர்களுக்குக் கிடைத்திருந்தது. திரை வந்துவிட்டது. ஆனால் இரண்டு மாதத்தில் கிழிந்தும் போனது. சூரியன், நிலா படம் ஆள் இருக்கும் நாளில் வருகிறது, கூட்டம் அதிகமானால் வருவதில்லை. காத்திருக்கிற நேரம் குறையவே இல்லை. ஒரே டாக்டர் இருக்கிற நிலையத்தில் அது நம் பேச்சால் குறையாது. இரண்டாவது டாக்டர் வேண்டும் என்று அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டு அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

நம் பக்கத்துக் கணக்கையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சீட்டுப் பை கொண்டு போகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். ஊசி கேட்பது குறைந்தது, நிற்கவில்லை.

இதற்கிடையில் டாக்டரம்மாவுக்கு மாறுதல் வந்துவிட்டது. எல்லாம் போச்சு என்றுதான் முதலில் நினைத்தோம். புதிதாக வந்த டாக்டர் இளைஞர், வந்த வாரம் எங்களைப் பார்த்ததும் “எந்தக் கட்சி?” என்று கேட்டார்! நோயாளர் நலச் சங்கக் கூட்டத்தில் முந்தைய முடிவுகளைப் பதிவு செய்து வைத்திருந்ததால், மருந்தாளுநரே அந்த நோட்டை எடுத்துக் காட்டினார். அதைப் படித்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னார். ஆகவே வாய்ப் பேச்சோடு விடாதீர்கள். தேதி போட்டு, யார் எதைச் செய்வது என்று எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்குங்கள்.

குழுவில் பேசுவதற்கு

வாசித்து முடித்ததும் இந்தக் கேள்விகளைப் பேசுங்கள். நம் ஊர் நோயாளர் நலச் சங்கத்தில் பெண் உறுப்பினர் யார், அவர் கடைசியாக எப்போது கூட்டத்துக்குப் போனார்? நம் குழுவில் பிரஷர், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர், அவர்களில் நடுவில் நிறுத்தியவர் உண்டா, ஏன் நிறுத்தினார்? டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டு விட்டுப்போன நோய் யாருக்காவது இருக்கிறதா? இதைப் பொதுவில் கேட்க வேண்டாம், தனியாகக் கேளுங்கள்.

ஊக்குநர்கள் தங்கள் குழுவின் பிரஷர், சர்க்கரைப் பட்டியலையும், கடைசி மருந்துச் சீட்டுகளையும் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். புது டாக்டரும் மருந்தாளுநரும் அன்று மதியம் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் பேச, அந்த அக்காவையும் அழைத்திருக்கிறோம். பேச்சு இப்போது கொஞ்சம் குழறுகிறது, ஆனால் நானே சொல்கிறேன் என்கிறார்.